என்கோர் முடித்துவிட்டு ஜெர்மனி வந்தவருக்கு, சிசிஐஇ லேப் பற்றி

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். சென்னையில் என்கோர், அதாவது சிஸ்கோவின் 350-401 நெட்வொர்க் தேர்வை, பாஸ் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. எட்டு மாதமாக ஸ்டுட்கார்ட்டில் ப்ளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், வேலை. ஜெர்மன் மொழி ஏ2 வகுப்பு (ஏ1, ஏ2, பி1 என்று நிலை ஏறும்) ஓடிக்கொண்டிருக்கிறது. சிஸ்கோவின் நிபுணர் நிலைச் சான்றிதழான சிசிஐஇ என்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சரின் லேபுக்கு, அதாவது செய்முறைத் தேர்வுக்கு, இறங்கலாமா, வீட்டில் என்ன வாங்கி வைப்பது, எங்கே போய் எழுதுவது என்பவை உங்கள் கேள்விகள்.

இறங்கலாம். ஆனால் உங்களுக்கு இரண்டு கெடு ஒன்றாக ஓடுகிறது. என்கோர் பாஸ் ஆனதிலிருந்து 3 ஆண்டுதான் லேபுக்குத் தகுதி, அதில் பாதி போய்விட்டது. இன்னொன்று ப்ளூ கார்டு. பி1 சான்றிதழ் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் என்றால் 27 மாதம் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்து வந்தபின் கிடைக்கும் மாலை இரண்டையும் ஒரே வேகத்தில் தாங்காது. அதனால் முதல் ஐந்து மாதம் ஜெர்மனுக்கே முதலிடம் கொடுங்கள். கூடவே எனார்சி (ENARSI), அதாவது 300-410 ரூட்டிங் தேர்வை எழுதிவிடுங்கள். 90 நிமிடம், 300 டாலர். ஏற்கெனவே என்கோர் இருப்பதால் சிசிஐஇ-க்கு ஒரு படி கீழான சிசிஎன்பி சான்றிதழ் கையில் வந்துவிடும். லேபின் ரூட்டிங் பகுதிக்கும் அதே பாடம்தான், படித்தது வீண் போகாது.

ஆறாம் மாதத்திலிருந்து லேப். வார நாளில் 2 மணி நேரம், சனிக்கிழமை 6 மணி நேரம், ஞாயிறு ஓய்வு. வாரத்துக்கு 16 மணி, பத்து மாதத்தில் ஏறக்குறைய 690 மணி நேரம். பதினைந்தாம் மாதம் முதல் முயற்சி. கடைசி மூன்று மாதத்தை இரண்டாவது முயற்சிக்கென்று காலியாக விடுங்கள். முதல் முறையே பாஸ் ஆகும் என்று நம்பிக் கெடுவின் கடைசி வாரத்தில் தேதி போடுவது பெரிய தவறு. கட்டணம் ஒரு முயற்சிக்கு 1,600 டாலர். கடைசி வாரத்தில் தோற்றால் பணத்தோடு தகுதியும் போகும்.

தேர்வு 8 மணி நேரம். முதல் 3 மணி நேரம் டிசைன்: கருவி எதையும் தொட முடியாது, மின்னஞ்சல்களும் வரைபடங்களும் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். விடை கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் திரும்பி வர முடியாது. அடுத்த 5 மணி நேரம் கட்டமைப்பு, பராமரிப்பு, மேம்பாடு, அங்கே முன்னும் பின்னும் போகலாம். மதிப்பெண்ணில் நெட்வொர்க் அடிப்படை 30 சதவீதம், மென்பொருள் வழி நெட்வொர்க் 25, மற்ற மூன்று பகுதிகளும் தலா 15. ரூட்டிங் பிடித்தவர்கள் அந்த 30-லேயே ஆறு மாதம் உட்கார்ந்துவிட்டு எஸ்டி-வானையும் (கிளை அலுவலகங்களை மென்பொருள் வழியாக இணைப்பது) பைத்தானையும் கடைசி மாதத்துக்குத் தள்ளுகிறார்கள். அவை வரும் இரண்டு பகுதியும் சேர்ந்தால் 40. அதைக் கடைசி மாதத்தில் ஈடுகட்ட வழியே கிடையாது.

இப்போது கருவி. பயிற்சிக்கு ரூட்டர்களை ஒரே கணினியில் மென்பொருளாகவே ஓட்டலாம். பழைய ரேக் சர்வர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அதன் சின்ன ஃபேன்கள் போடும் சத்தம் வாடகை வீட்டுச் சுவரைத் தாண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை இங்கே அமைதி நேரம், நீங்கள் படிக்கும் நேரமும் அதை ஒட்டியே வரும். பழைய டவர் ஒர்க்ஸ்டேஷன், 128 ஜிபி ராம் போட்டது, போதும். கணக்கு இதுதான்: எஸ்டி-வானை நிர்வகிக்கும் விமேனேஜ் ஒன்றுக்கே 32 ஜிபி, மென்பொருள் ரூட்டரான கேட்டலிஸ்ட் 8000வி ஒவ்வொன்றுக்கும் 4 ஜிபி, மற்றக் கன்ட்ரோலர்களுக்கு 2 முதல் 4 வரை. சாதாரண ரூட்டர் இமேஜ்களுக்கு (ரூட்டரின் மென்பொருள் கோப்பு) ஆளுக்கு 1 ஜிபி கூடத் தேவைப்படாது. அலுவலக நெட்வொர்க்கை மொத்தமாக நிர்வகிக்கும் கேட்டலிஸ்ட் சென்டரை, அதாவது பழைய டிஎன்ஏ சென்டரை, வீட்டில் ஓட்ட நினைக்க வேண்டாம், அதற்கு மட்டும் 256 ஜிபி கேட்கும். சிஸ்கோவின் இணையப் பயிற்சிக்கூடமான டெவ்நெட் சாண்ட்பாக்ஸில் இலவசமாகத் தொட்டுப் பாருங்கள். எஸ்டி-ஆக்சஸின் (மென்பொருள் வழி அலுவலக நெட்வொர்க்) அடியில் இருக்கும் லிஸ்ப், விஎக்ஸ்லான் என்ற நெறிமுறைகளை வீட்டிலேயே கையால் கட்டிப் பழகுங்கள்.

மென்பொருளுக்கு, சிஸ்கோவின் சிமுலேட்டரான சிஎம்எல் தனிநபர் உரிமம் ஆண்டுக்கு 199 டாலர், 20 கருவி வரை. இமேஜ்கள் உரிமத்தோடு வருகின்றன, அதுதான் அதன் பெரிய வசதி. அதே வேலையைச் செய்யும் ஈவ்-என்ஜி இலவசம், ஆனால் இமேஜுக்கு நீங்களே வழி தேட வேண்டும். மின்சாரம் மறக்காதீர்கள். 200 வாட் பெட்டியை மாதம் முழுக்க அணைக்காமல் விட்டால் 144 யூனிட், யூனிட்டுக்கு 35 சென்ட் என்றால் 50 யூரோ. வாரத்துக்குப் படிக்கும் 16 மணி நேரம் மட்டும் போட்டால் மாதம் 5 யூரோ சுமார்.

பாடத்தை எந்த ஆழத்தில் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம் காட்டுகிறேன். ஆர்1 முதல் ஆர்4 வரை நான்கு ரூட்டர் போடுங்கள். ஈஐஜிஆர்பி, ஓஎஸ்பிஎஃப் இரண்டும் ரூட்டர்கள் வழியைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகள். ஆர்3 ஈஐஜிஆர்பி பக்கம், ஆர்4 ஓஎஸ்பிஎஃப் பக்கம், ஆர்1-உம் ஆர்2-உம் இரண்டுக்கும் நடுவில். ஆர்3-இன் லூப்பேக்கை (ரூட்டருக்குள் இருக்கும் கற்பனை இணைப்பு) ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட் மூலம் ஈஐஜிஆர்பிக்குள் விடுங்கள். பிறகு ஆர்1, ஆர்2 இரண்டிலும் இரு பக்கமும் ரீடிஸ்ட்ரிபியூட் செய்யுங்கள், அதாவது ஒன்றின் வழிகளை மற்றதற்குள் விடுங்கள். வெளியிலிருந்து வந்த ஈஐஜிஆர்பி ரூட்டுக்கு டிஸ்டன்ஸ் 170, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, குறைந்த எண்ணே வெல்லும். ஆர்1 அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் தள்ளியதும், ஆர்2 பக்கத்திலேயே இருக்கும் ஆர்3-ஐ விட்டுவிட்டு ஆர்4 வழியாக ஆர்1-க்குச் சுற்றிப் போகும். ரீலோட் செய்தால் யார் முதலில் கற்றுக்கொண்டார் என்பதைப் பொறுத்து அதே கோளாறு ஆர்1-க்கு இடம் மாறும்.

ரூட்டுக்கு டேக், அதாவது அடையாள எண், போட்டுத் திரும்பி வருவதை மறித்தால் சரியாகிவிடும் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ரூட் தான் வந்த பக்கமே திரும்பி நுழைவதைத்தான் டேக் தடுக்கும். ஆர்2-இன் ரூட்டிங் டேபிளில் ஓ ஈ2 (ஓஎஸ்பிஎஃப் வழியாக வந்த வெளி ரூட்) என்ற வரி அப்படியே நிற்கும், சுற்றுவழியும் அப்படியே இருக்கும். ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னலின் டிஸ்டன்ஸை 171-க்கு உயர்த்தினால் அந்த வரி போகும். ஆனால் ஓஎஸ்பிஎஃப் பக்கத்துக்கும் சொந்தமாக வெளி ரூட் இருந்தால் அதே நோய் மறுபக்கம் கிளம்பும். அப்போது அக்சஸ் லிஸ்ட் வைத்து, அந்த பிரிஃபிக்ஸுக்கு (முகவரித் தொகுதிக்கு) மட்டும் டிஸ்டன்ஸை மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் டிரேஸ்ரூட் ஓட்டி, என்ன மாறியது என்று நோட்டில் எழுதுங்கள். கட்டளை போட்டதோடு நிற்காமல் சரிபார்த்துவிட்டு நகரும் பழக்கம்தான் அந்த 5 மணி நேரத்தில் காப்பாற்றும்.

கிளைகளை டனல் வழியாக இணைக்கும் டிஎம்விபிஎன்-இலும் இதே மாதிரி ஒன்று வரும். பிங் போகும், பெரிய கோப்பு மட்டும் நகராது. டனல் தலைப்பும் ஐபிசெக் மறையாக்கமும் பாக்கெட்டில் இடத்தைத் தின்றுவிடுவதே காரணம். பாக்கெட்டின் உச்ச அளவான ஐபி எம்டியுவை 1400, அதற்குள் தரவின் உச்ச அளவான டிசிபி எம்எஸ்எஸ்ஸை 1360 என்று வைத்துப் பாருங்கள்.

ஜெர்மன் விசைப்பலகையில் பழகாதீர்கள். அதில் இசட்டும் ஒய்யும் இடம் மாறியிருக்கும், சாய்வுக் கோடு ஷிஃப்ட் 7-இல், பைப் குறி (|) ஆல்ட்ஜிஆரில். ஷோ கட்டளைகளில் பைப் இல்லாமல் வேலையே நடக்காது. அமெரிக்க அமைப்பு விசைப்பலகை ஒன்று வாங்கி, வீட்டுப் பயிற்சி முழுவதையும் அதிலேயே செய்யுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, ஐரோப்பாவில் பலரும் போவது பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தை ஒட்டிய டீகெம். ஜெர்மன் குடியிருப்பு அட்டை இருப்பதால் தனி விசா வேண்டாம், பாஸ்போர்ட்டும் அட்டையும் இரண்டுமே கையில் இருக்கட்டும். கொலோனிலிருந்து ரயில் 2 மணி நேரத்துக்குள்தான், ஆனாலும் தேர்வு நாள் காலை ரயிலை நம்பாமல் முந்தின நாளே போய்த் தங்குங்கள். ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் பெங்களூரிலும் எழுதலாம். எங்கே இடம் திறந்திருக்கிறது என்று சிசிஐஇ கணக்கில் நுழைந்து மூன்று நான்கு மாதம் முன்பே பாருங்கள்.

தேர்வுக் கட்டணம், பயணம், கணினி எல்லாம் வேலை சார்ந்த செலவாக வருமான வரியில் காட்டலாம். ஆனால் 1,230 யூரோ வரை எல்லோருக்கும் தானாகவே கழிக்கப்படுகிறது, அதைத் தாண்டினால்தான் உங்களுக்குப் பயன். அதனால் கணினியையும் தேர்வுக் கட்டணத்தையும் ஒரே காலண்டர் ஆண்டில் வருமாறு வாங்குங்கள், ரசீதுகள் உங்கள் பெயரில் இருக்கட்டும். கம்பெனி கொடுக்கிறது என்றால் அந்தத் தொகையைக் காட்ட முடியாது. அவர்கள் நீட்டும் தாளில், இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். மாதா மாதம் அந்தத் தொகை குறைந்துகொண்டே வருமாறு எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

உண்மையான தேர்வுக் கேள்வி என்று டெலிகிராமில் விற்கும் பக்கம் போகாதீர்கள். பிடிபட்டால் சிசிஎன்பியும் சேர்ந்து போகும், வேலையிடத்தில் உங்கள் பெயரும் போகும்.

இந்த சனிக்கிழமை அந்த நான்கு ரூட்டர் லேபைக் கட்டிவிட்டு, டேக் போடுவதற்கு முன்னும் பின்னும் ஆர்2 காட்டிய ரூட்டிங் டேபிளை இங்கே போடுங்கள், எங்கே தடுக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.