யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: கியர் ஆயில் குறைகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. எங்கே போகிறது?

இதோடு சைலன்சரில் வெள்ளைப் புகையும் சேர்ந்து வருகிறதா? அப்படியானால் முதல் சந்தேகம் கிளட்ச் பக்க கிராங்க் ஆயில் சீல்தான், அதாவது கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி நின்று கியர் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் மேலே ஏறும்போது, கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் உறிஞ்சல் உண்டாகும். சீலின் உதடு (ஷாஃப்டைத் தொடும் உள் விளிம்பு) தேய்ந்திருந்தால் கியர் ஆயிலும் உள்ளே இழுக்கப்பட்டு, பெட்ரோலோடு எரிந்து சைலன்சர் வழியே போய்விடும். அதனால்தான் தரையில் கறை இல்லை.

கிராங்க்கின் மறுமுனையில், மின்சாரம் தரும் மேக்னட் பக்க சீல் போனால் கதை வேறு. அங்கே ஆயில் இல்லை, காற்றுதான் நுழையும். ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் முறுக்காதபோது ஓடும் வேகம்) தானாக ஏறும், ஸ்பார்க் பிளக் வெளுக்கும். இதை அலட்சியம் செய்யாதீர்கள், பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும்.

பழைய வண்டியில் ஒரு சீலை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம், இரண்டையும் மாற்றுங்கள். கழற்றும் முன் பழையது எந்தப் பக்கம் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது அலுமினியத்தில் கீறல் விழக்கூடாது. அப்புறம் ஷாஃப்டை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது. உதட்டில் ஆயில் தடவி, சரியான அளவு சாக்கெட்டை வைத்து நேராக இறக்குங்கள். கிராங்க் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் சீல் சீக்கிரமே மறுபடி போய்விடும்.