பித்தளை மேசை விளக்கு: ஷேடு அசைந்தால் பல்பு விட்டுவிட்டு எரிவது ஏன்?

நீங்கள் தைத்த துணி ஷேடின் மேல் தப்பு இல்லை, அதைப் பிரிக்காதீர்கள். கோளாறு அநேகமாக ஹோல்டருக்குள் இருக்கிறது.

ஷேடை மாட்டிய பிறகுதான் இப்படி, தொட்டால் அணைந்து எரிகிறது என்கிறீர்கள். திருகு ஹோல்டரின் அடியில் நாக்கு மாதிரி ஒரு சின்னப் பித்தளைத் தகடு இருக்கும். பல வருடம் பல்பை இறுக்கித் திருகியதில் அது அடியோடு படிந்துவிடும். பல்பின் நுனி அதைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஷேடு லேசாக அசைந்தாலே போதும், தொடர்பு விட்டுப்போகும்.

1. பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல்பு ஆறியதும் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

2. தகடு கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். அப்புறம் ஒரு மரக்குச்சியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நெம்புங்கள். பதமாகச் செய்யுங்கள், பழைய தகடு சட்டென்று ஒடியும். ஒடிந்தால் புது ஹோல்டர்தான்.

திரும்ப பிளக்கைச் சொருகும் முன் வயரைப் பாருங்கள், இதில் அலட்சியம் வேண்டாம். துணி சுற்றிய பழைய வயர் என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் காய்ந்து பொடியாக உதிரும். அப்படி உதிர்ந்தால் பித்தளை உடம்பு முழுவதும் மின்சாரம் பாயலாம். எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து, எர்த்தோடு சேர்ந்த மூன்று கம்பி வயராக மாற்றும் வரை விளக்கைப் போடவே போடாதீர்கள்.

தகட்டை நிமிர்த்திய பிறகும் விட்டுவிட்டு எரிந்தால் ஹோல்டரின் உட்புறத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.