குழந்தை பார்த்துக்கொள்பவரிடம் எதையெல்லாம் நியாயமாக எதிர்பார்க்கலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் எட்டு மாதக் குழந்தையைப் பக்கத்து புளோக்கில் இருக்கும் ஓர் அக்காவிடம் பகல் முழுக்க விடப்போகிறோம். அவரிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டால் அதிகப்படி?

நான் அந்த 'அக்கா' பக்கத்து ஆள். செங்காங்கில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே சில வருடங்களாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் என் பதில் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் இருக்கும்.

முதலில் அதிகப்படி எது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு அம்மா காலையில் குழந்தையின் பையோடு இன்னொரு பையும் கொடுத்தார். உள்ளே ஒரு கிலோ இக்கான் பிலிஸ், அதாவது காய்ந்த நெத்திலி. "அக்கா, அவன் தூங்கும்போது சும்மாதானே இருப்பீங்க, தலையை மட்டும் கிள்ளி வெச்சிடுங்க." குழந்தை தூங்கும் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் நான் பால் போத்தலைக் கழுவுவேன், கஞ்சி காய்ச்சுவேன், ஒரு வாய் சாப்பிடுவேன். குழந்தையின் துணி, குழந்தையின் பாத்திரம், குழந்தையின் சாப்பாடு, இதெல்லாம் என் வேலை. உங்கள் வீட்டு நெத்திலி என் வேலை இல்லை.

மற்றபடி, குழந்தை விஷயத்தில் தாராளமாகக் கறாராக இருங்கள். டிவி வேண்டாம் என்று சொல்லலாம். 18 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றுதான் சுகாதார அமைச்சும் சொல்கிறது. பின்னணியில் ஓடுவதும் கூடாதாம். நான் சீரியல் பைத்தியம்தான், ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போனபிறகு பார்த்துக்கொள்வேன். ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் தடவக்கூடாது, மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தலையணை வேண்டாம், இதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எங்கள் தலைமுறையில் பலர் ஸ்பிரிங் தொட்டிலில் ஆட்டி வளர்த்தவர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் தொட்டிலைத்தான் மாட்டுவோம். உறையவைத்த தாய்ப்பாலைக் கொடுத்தனுப்பினால் உருக்கிய பாலை மறுபடி உறையவைக்கக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. காய்ச்சல் மருந்தின் அளவைக் குழந்தையின் எடையை வைத்து மருத்துவர் சொல்வார். அதை எழுதிக் கொடுங்கள், நான் குத்துமதிப்பாக ஊற்ற மாட்டேன்.

தமிழில் பேசச் சொல்லிக் கேட்கலாம், சந்தோஷமாகப் பேசுவோம். எட்டு மாதப் பிள்ளைக்கு அட்டை காட்டிப் பாடம் நடத்தச் சொன்னால் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் இது எல்லாவற்றையும்விட நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது ஒன்று இருக்கிறது: நடந்ததை நடந்தபடி சொல்வது. தவழும் பிள்ளை எப்படியும் எங்காவது முட்டிக்கொள்ளும். மாலையில் குளிப்பாட்டும்போது நெற்றி வீக்கத்தை நீங்களே கண்டுபிடிக்கும்படி ஆகக்கூடாது. "மத்தியானம் டிவி மேசைக் காலில் இடிச்சுக்கிட்டான், உடனே அழுதான், ஐஸ் வெச்சேன், வாந்தி இல்லை, பால் குடிச்சான்" என்று அப்போதே வாட்ஸ்அப்பில் வரவேண்டும். வாந்தி எடுத்தாலோ சோர்ந்து கிடந்தாலோ யாரைக் கூப்பிடுவது, நேராகக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்பதை முதல் வாரமே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அப்படிச் செய்தி வரும்போது நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். முதல் வீக்கத்துக்கே எகிறிக் குதித்தால், இரண்டாவது வீக்கம் உங்கள் காதுக்கு வராது. நல்ல ஆட்கள்கூட அப்படி மறைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேர விஷயம். ஏழு மணி என்றால் ஏழு மணி. எம்ஆர்டி ரயில் நின்றுபோனால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், காசும் கேட்க மாட்டேன். ஒவ்வொரு செவ்வாயும் ஜிம்முக்குப் போய்விட்டு எட்டரைக்கு வந்தால் அது கூடுதல் நேரம், அதற்குத் தனியாகக் கொடுக்கவேண்டும்.

குழந்தைக்குக் கை, கால், வாய் நோய் வந்தால் என்னிடம் கொண்டுவராதீர்கள். என்னிடம் வேறு குழந்தையும் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை என்றால், ஏழு வயது ஆகும்வரை, வேலை பார்க்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வருடத்துக்குத் தலா 6 நாள் சம்பளத்தோடு பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டே, அது பின்னே எதற்கு? எனக்கே உடம்பு முடியாமல் போனால் விடிகாலையிலேயே சொல்லிவிடுவேன். மாற்று ஆள் தேடித் தருவது என் பொறுப்பு இல்லை. அந்த அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பணிப்பெண்ணிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அவருடைய வேலை அனுமதியில் குறிப்பிட்டிருக்கும் வீட்டில், அந்த வீட்டு வேலையை மட்டும்தான் அவர் செய்யலாம். மாட்டினால் மனிதவள அமைச்சு அவருடைய முதலாளியையும் பிடிக்கும்.

கேமரா பற்றிச் சிலர் கேட்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறவர் என்றால் வையுங்கள், ஆனால் வைத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். என் வீட்டில் வைக்கச் சொன்னால் வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

கடைசியாகச் சம்பளம். டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால், அந்த மாதம் முழுச் சம்பளமா பாதியா என்று இப்போதே பேசிவிடுங்கள். உங்களுக்காக வைத்திருக்கும் இடத்தை அந்த மூன்று வாரமும் நான் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. பெட்டி கட்டி முடித்து, சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்பும் காலையில் வாசலில் நின்றுகொண்டு இதைப் பேச ஆரம்பிக்காதீர்கள்.