சட்டம் பேசுவோம்: சாப்பாட்டு நேரம் யாருடையது?

கேள்வி: மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஆறு நாள், காலை 9.30க்கு விரல்ரேகை வைத்தால் இரவு 9.30க்குத்தான் வெளியே வர முடியும். மதியம் மூன்று மணி வாக்கில் சாப்பிட இருபது நிமிடம் விடுவார்கள். சாப்பிடும் இடம் ஐந்தாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். ஆனால் மாதக் கடைசியில் எங்களிடம் கையெழுத்து வாங்கும் பதிவேட்டில் தினமும் 1.30 முதல் 2.30 வரை இடைவேளை என்று எழுதியிருக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்கிறார்கள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்தப் பதிவேடுதான். உங்களுக்கு ஒரு மணி நேரம் தர வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரியும் என்பதற்கு அவரே எழுதி வைத்திருக்கும் சாட்சி அது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, கடை ஊழியர்களின் வேலை நேரத்தை 9ஆம் பிரிவில் வரையறுக்கிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது பொது விதி. கூடுதல் நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் தர வேண்டும். அதே பிரிவில்தான் உங்கள் கேள்விக்கு நேரடியான விடையும் இருக்கிறது: குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு இடைவேளை தராமல், எந்த ஊழியரையும் ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அவராகவே விரும்பி வேலை செய்தாலும் அனுமதிக்கக் கூடாது. 'எங்கள் பெண்களே இடைவேளை வேண்டாம் என்கிறார்கள்' என்று சொல்லி எந்த முதலாளியும் தப்பிக்க முடியாது.

இந்தக் கணக்கை உங்கள் நாளோடு வைத்துப் பாருங்கள். 9.30க்கு வந்த உங்களை 1.30க்கு விட்டிருக்க வேண்டும். நீங்கள் மூன்று மணி வரை, அதாவது ஐந்தரை மணி நேரம், இடைவெளியின்றி நின்றிருக்கிறீர்கள். கிடைக்கும் இருபது நிமிடத்தில் ஐந்து மாடி ஏறி, கை கழுவி, டிபன் பாக்ஸைத் திறந்து, மறுபடியும் ஐந்து மாடி இறங்க வேண்டுமென்றால், சோற்றை மெல்ல எத்தனை நிமிடம் மிஞ்சும்? நாளொன்றுக்கு 11 மணி 40 நிமிடம் வேலை. ஆறு நாளுக்கு 70 மணி நேரம். சட்டத்தின் உச்ச வரம்பைவிட இது வாரத்துக்கு 16 மணி நேரம் அதிகம். வேலையும் ஓய்வும் சேர்ந்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது என்று 10ஆம் பிரிவு சொல்வதைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம் என்று பல கடைகளில் பொருள் சொல்கிறார்கள். அது முழுத் தவறு. அந்தப் பன்னிரண்டுக்குள் ஓய்வும் அடங்கியிருக்க வேண்டும். ஓய்வு நேரத்தின் நடுவே 'கஸ்டமர் வந்திருக்கிறார், கீழே வா' என்று அழைத்தால், அந்த நேரம் ஓய்வாகாது.

உட்காரும் உரிமை 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 22-அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ளும் வகையில், ஊழியர் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். கேரளம் 2018இலேயே இதைச் செய்தது. அதற்குப் பின்னால், கோழிக்கோட்டில் பி. விஜியும் 'பெண்கூட்டு' அமைப்பினரும் கடை கடையாகப் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு உட்காருவதற்காகவும் நடத்திய போராட்டம் இருக்கிறது. கால் நரம்புச் சுருட்டலும், தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கி வைப்பதால் வரும் தொற்றும் கடைப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி, செய்ய வேண்டியது. ஒரு சிறு நோட்டில் வந்த நேரம், சாப்பிடப் போன நேரம், திரும்பிய நேரம், வெளியேறிய நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள்; உடன் வேலை செய்யும் இரண்டு மூன்று பேரும் எழுதினால் இன்னும் பலம். பொய்யான பதிவேட்டுக்கு எதிராக உங்கள் கையில் இருக்கப் போவது அதுதான். பிறகு, மாவட்டத்திலுள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு மனுக் கொடுங்கள். சேர்ந்து கொடுப்பது நல்லது. தொழிற்சங்கம் வழியாகக் கொடுத்தால் உங்கள் பெயர் முன்னால் நிற்காது.

வேலை போகுமோ என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்றும், நீக்கினால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும் என்றும் 41ஆம் பிரிவு சொல்கிறது. அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் காலம் தாழ்த்தக் கூடாது. உங்களுக்கு மூன்று ஆண்டுப் பணி இருப்பதால், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய விவரம் ஆகியவற்றின் நகல்களை இப்போதே வீட்டில் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நான் மளிகைக் கடை நடத்துகிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். மதியம் எல்லோரையும் ஒரு மணி நேரம் அனுப்பினால் கடையை மூட வேண்டியதுதானே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காலை 9 மணிக்கு வருகிறவர்களை மூன்று அணியாகப் பிரித்து 11 மணிக்கு ஒன்று, 12 மணிக்கு ஒன்று, 1 மணிக்கு ஒன்று என அனுப்பினால், யாரும் நான்கு மணி நேரத்தைத் தாண்ட மாட்டார்கள். கடையிலும் எப்போதும் ஐந்து பேருக்குக் குறையாமல் இருப்பார்கள். காலையிலேயே அனுப்பப்படுகிறவர்கள் தினமும் ஒரே ஆட்களாக இல்லாதபடி மாற்றி மாற்றி அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. பேறுகால விடுப்பு முடிந்து கடைக்குத் திரும்பியிருக்கிறேன். பால் கொடுத்துவிட்டு வர நேரம் கேட்டால், அதைச் சாப்பாட்டு நேரத்தில் கழிப்போம் என்கிறார்கள். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: கழிக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு இடைவேளை போக, நாளொன்றுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை உங்களுக்குத் தந்தாக வேண்டும். எழுத்து மூலம் கேளுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.