எம்பிராய்டரி மென்பொருளில் மேடுபள்ளத் தோற்றம்: கேள்வி பதில்

கேள்வி: ஓர் இலையை டட்டாமி ஃபில்லால் (வரிசை வரிசையான தையலால் பரப்பை நிரப்பும் முறை) நிரப்பினேன். தைத்தபின் வெறும் பச்சைத் திட்டாகத் தெரிகிறது. வேறு நிற நூல் இல்லாமல் நரம்புகளைக் காட்ட முடியுமா?

பதில்: முடியும். மேடுபள்ள வேலையின் அடிப்படையே இதில் இருப்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஊசி இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் நூல் கீழே இழுபட்டு ஒரு சிறு பள்ளம் உண்டாகிறது. இரண்டு பள்ளங்களுக்கு நடுவே நூல் எழும்பி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. டட்டாமியில் ஒரு வரிசையின் ஊசிப்புள்ளிகள் அடுத்த வரிசையின் புள்ளிகளோடு நேர்படாதபடி, செங்கல் சுவரின் இணைப்புகளைப் போல, மென்பொருள் அவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கிறது. பரப்பு வழவழப்பாகத் தெரிவது அதனால்தான். அந்தப் புள்ளிகளை நாமே ஒரு கோட்டில் நேர்படுத்திவிட்டால், அந்த இடத்தில் நிழல் விழுந்து கோடு தானாகத் தெரியும்.

பல மென்பொருள்களில் ஃபில்லின் மேல் கோடு வரைந்து, வரிசைகள் அதைக் கடக்கும் இடங்களிலெல்லாம் ஊசியை இறங்கச் செய்யும் வசதி உண்டு. பக்க நரம்புகளை அப்படிச் செய்யுங்கள். கோடு தையல் செல்லும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும்; தையலுக்கு இணையாக வரைந்த கோடு தைத்தபின் தெரியாது. கோடுகளுக்கு இடையே குறைந்தது 2 மி.மீ. விடுங்கள். அதைவிட நெருங்கினால் 1 மி.மீ.க்கும் குறைவான துணுக்குத் தையல்கள் பெருகி, நூல் பிசிறி அறும். நடு நரம்புக்கு இந்த முறை போதாது. இலையை அங்கே இரண்டாகப் பிரித்து, இரு பாதிகளின் தையல் கோணத்தையும் மாற்றுங்கள். பளபளப்பான நூல் கோணத்துக்கேற்ப ஒளியைத் திருப்புவதால், ஒரே பச்சை இரண்டு சாயலாகத் தெரியும்.

கேள்வி: பள்ளங்கள் எடுப்பாகத் தெரிய டென்சிட்டியை (தையல் நெருக்கத்தை) கூட்டலாமா?

பதில்: கூட்டக் கூடாது. எம்பிராய்டரியில் பரவலாகப் பயன்படும் 40 எண் தடிமன் நூலுக்கு 0.4 மி.மீ. வரிசை இடைவெளி வழக்கமான தொடக்கம். அதை 0.3 ஆக்கினால் வரிசைகள் மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன. நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி, நிழல் விழ இடமில்லாமல் போகிறது, துணியும் சுருங்குகிறது. பல மென்பொருள்களில் டென்சிட்டி என்று காட்டப்படுவது இந்த இடைவெளிதான் என்பதையும், எண் குறையக் குறையத் தையல் நெருக்கமாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எந்த இயந்திரம் வாங்கலாம்?

பதில்: இது மென்பொருள் பற்றிய அமர்வு. விற்பனையாளரிடம் உங்கள் துணியிலேயே தைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: அண்டர்லே, அதாவது மேல் தையலுக்கு அடியில் முதலில் போடும் தாங்கு தையல், பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. எனவே மேடுபள்ள வேலைக்கு நான் அதை நீக்கிவிடுகிறேன். இது சரிதானே?

பதில்: சரியில்லை. பள்ளம் தெரிய வேண்டுமானால் சுற்றியுள்ள பகுதி உயர்ந்திருக்க வேண்டும், அந்த உயரத்தைத் தருவது அண்டர்லே. அது இல்லாவிட்டால் மேல் நூல் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் துணிக்குள் அமிழ்ந்துவிடும்.

கேள்வி: விலங்கின் ரோமம் சாயம் பூசிய பலகை போல வருகிறது.

பதில்: ஒரே ஃபில்லில் ரோமம் வராது. இரண்டு மூன்று அடுக்குகள் வையுங்கள். அடி அடுக்கின் வரிசை இடைவெளி 0.8 முதல் 1 மி.மீ. வரை இருக்கட்டும். தையல் நீளத்தைச் சீராக வைக்காமல் 3 முதல் 6 மி.மீ.க்குள் மாறிமாறி வரும்படி அமைத்து, விளிம்பை ஒழுங்கற்றதாக்கும் வசதியையும் போடுங்கள். மேலடுக்கை வெளிர்நிறத்தில், கோணத்தைச் சிறிது திருப்பித் தையுங்கள். வரிசைமுறையை நிறையப் பேர் கவனிப்பதில்லை: ரோமம் படிந்து முடியும் பக்கத்திலிருந்து, அதாவது வாலிலிருந்து தலையை நோக்கி, பகுதி பகுதியாகத் தைத்து வந்தால் ஒவ்வொரு பகுதியின் நுனியும் முன்பு தைத்த பகுதியின் வேரை மூடும்.

கேள்வி (அண்டர்லே பற்றிக் கேட்டவர்): ரோமத்துக்கு நீங்கள் அண்டர்லே சொல்லவில்லையே. அங்கே தேவையில்லை என்றால் இலைக்கு மட்டும் ஏன்?

பதில்: நல்ல மறுப்பு. அகன்ற இடைவெளியுள்ள அடுக்குக்குக் கீழே குறுக்காக ஓடும் அண்டர்லே வெளியே தெரிந்து ரோமத்தைக் கெடுக்கும். ஆகவே அங்கே ரோமத்தின் திசையிலேயே, அதே நிறத்தில், 2 மி.மீ. இடைவெளியில் ஒரு மெல்லிய அடுக்கு போதும். அப்போதும் அண்டர்லே இருக்கிறது, அதன் வகைதான் மாறுகிறது.

கேள்வி (அவரே): கனமான டெனிமில் அண்டர்லே இல்லாமல் தைத்திருக்கிறேன். பள்ளம் தெளிவாகவே வந்தது.

பதில்: வரும். டெனிம் நெருக்கமாக நெய்த, இழுபடாத துணி. அண்டர்லே தரும் தாங்கலை அது தானே தருகிறது. அங்கே விளிம்போடு ஓடும் ஓர் ஓட்டத் தையலே போதும் என்பதை ஏற்கிறேன். ஆனால் டெனிமில் கண்ட முடிவைப் பின்னல் துணிக்குப் பொதுவாக்காதீர்கள். அங்கே அண்டர்லே இல்லாத ஃபில் ஓரங்களில் உள்வாங்கி, பள்ளக் கோடும் வளைந்துவிடும். ஒரே டிசைனை இரண்டு துணியிலும், அண்டர்லேயுடன் ஒன்றும் இல்லாமல் ஒன்றுமாகத் தைத்து அருகருகே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எழுத்துகளை அடியில் ஃபோம் (பஞ்சு போன்ற தாள்) வைத்து உயர்த்தினால், எழுத்துக் கோடுகள் முடியும் முனைகளில் ஃபோம் வெளியே தெரிகிறது.

பதில்: டென்சிட்டியைக் கூட்ட வேண்டிய இடம் இது. சாட்டின் தையலின் (ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறிமாறிச் செல்லும் தையல்) இடைவெளியை 0.2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால்தான் ஊசித்துளைகள் நெருங்கி ஃபோமை விளிம்பில் அறுக்கும். திறந்த முனைகளில் குறுக்காக ஒரு சிறு சாட்டின் வைத்து மூடுங்கள். ஃபோமின் நிறம் நூலின் நிறத்தோடு ஒத்திருக்கட்டும். தட்டையான பகுதிகளை முதலில் தைத்துவிட்டு ஃபோமைக் கடைசியில் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் சாதாரண ஃபில்லுக்கும் 0.2 வைக்கலாமா?

பதில்: வைக்கக் கூடாது. ஃபோமை அறுக்கத்தான் அந்த அளவு. மேலே கூறியதைப் படியுங்கள்.

கேள்வி: எங்கள் சின்னத்தின் டிஎஸ்டி கோப்பை (தையல் இயந்திரம் படிக்கும் கோப்பு) மென்பொருளில் பெரிதாக்கினேன். மேடுபள்ளத் தோற்றம் முழுதும் போய்விட்டது.

பதில்: டிஎஸ்டியில் இருப்பவை ஊசி நகர்வுகளும் தாவல், நிறமாற்றக் கட்டளைகளும்தான், "இது ஃபில், இது பள்ளக் கோடு" என்ற தகவல் அதில் இல்லை. மென்பொருள் வடிவங்களை ஊகித்துப் புதிதாகத் தையல் போடும்போது, நேர்படுத்திய புள்ளிகளைத் தேவையற்றவை என்று எண்ணிக் கலைத்துவிடுகிறது. டிசைன் செய்தவரிடம் மென்பொருளின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, அதில் அளவை மாற்றுங்கள்.

கேள்வி: திரையில் முப்பரிமாணக் காட்சியில் அழகாக இருந்த பள்ளங்கள் டவலில் காணாமல் போயின. டென்சிட்டியைக் கூட்டவா?

பதில்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: கூட்ட வேண்டாம். திரையில் வருவது துணியின் இழுப்பையும் டவலின் சுருள்களையும் அறியாத படம். டவலின் மேல் நீரில் கரையும் படலத்தை விரித்து, டிசைன் பரப்பை 1.5 மி.மீ. இடைவெளியில் டவல் நிற நூலால் இரு திசைகளிலும் தைத்துச் சுருள்களை அமுக்கிவிட்டு, அதன்மேல் உங்கள் ஃபில்லைத் தையுங்கள். பள்ளக் கோடுகளின் இடைவெளியை 4 மி.மீ. ஆக்குங்கள், அதைவிட நுணுக்கமான வேலையை டவல் தாங்காது.