மாதவிடாய் வலிக்கு மூலிகைத் தேநீர் உதவுமா? 'கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும்' பொடிகளை வாங்கலாமா?

வலிக்கு உதவும். சுத்தம் செய்யும் என்பது பொய். கர்ப்பப்பை மாதந்தோறும் தன் உட்படலத்தைத் தானே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. அதில் கழுவி வெளியேற்ற வேண்டிய அழுக்கு எதுவும் இல்லை. என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடிக்குத் தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள்.

திருகோணமலையில் எங்கள் வீட்டில் குடிப்பது வேர்க்கொம்பும் (காய்ந்த இஞ்சி, அதாவது சுக்கு) பெருஞ்சீரகமும் அவித்த தண்ணீர். வேர்க்கொம்பு ஒரு துண்டைத் தட்டி, ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்துடன் இரண்டு கோப்பைத் தண்ணீரில் போட்டு, பாதியாக வற்றும்வரை அவிக்க வேண்டும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சுடச்சுடக் குடித்தால் அடிவயிறு இளகும். விருப்பமானால் கறுவாப்பட்டை ஒரு துண்டு சேர்க்கலாம்.

இது வெறும் நம்பிக்கையல்ல. மாதவிடாய் நாட்களில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கர்ப்பப்பைத் தசையை இறுக்குவதால்தான் வலி வருகிறது. இஞ்சி அது உருவாவதைக் குறைக்கிறது. ஆனால் ஆய்வுகளில் கொடுத்தது நாளொன்றுக்கு 750 முதல் 2000 மில்லிகிராம் இஞ்சித்தூள், அதுவும் முதல் 3, 4 நாட்களுக்கு. வடித்த தண்ணீரில் அவ்வளவு இறங்காது என்பதால் நான் கால் தேக்கரண்டி வேர்க்கொம்புத் தூளையும் கலந்தே குடிக்கிறேன். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

எனக்கு அதிகக் கவலை தருவது சாதாரணத் தேயிலைதான். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அதிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கு அது பெரிய நட்டம். ஒரு மணித்தியாலமாவது பொறுத்துக் குடியுங்கள். கீரையிலும் பருப்பிலும் தேசிக்காய்ப் புளி விடுங்கள், இரும்பு நன்றாகச் சேரும்.

நாள் தள்ளிப்போனால் எள்ளும் பனங்கட்டியும் கஷாயமும் கொடுத்து வரவழைக்கப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதலில் கர்ப்பமா என்று சோதியுங்கள். என்னவென்று தெரியாத கஷாயம் எதையும் கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது.

மணிக்கொரு தடவை துணி மாற்றும் அளவுக்கு இரத்தம் போனாலும், ஏழு நாட்களைத் தாண்டினாலும், வலியால் பிள்ளை பள்ளிக்கூடம் போக முடியாமல் சுருண்டு படுத்தாலும் அடுப்படியில் நிற்காமல் வைத்தியரிடம் போங்கள். கர்ப்பப்பையில் நார்க்கட்டியோ, அதன் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸோ இருந்தால் எந்தத் தேநீரும் அதைக் கரைக்காது. கூச்சமாக இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவிடம் முதலில் சொல்லுங்கள். 35 வயதைத் தொட்டவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்கும் போய்வாருங்கள். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையை அங்கே இலவசமாகவே செய்கிறார்கள்.