வேலி அடியில் ஓணான் முட்டைகள்

வணக்கம் அக்கா. மதில் கட்ட கிளுவை வேலியைப் பிடுங்கியபோது மண்ணுக்குள் 12 வெள்ளை முட்டைகள் கிடைத்ததாகவும், கழுத்துச் சிவந்த ஓணான் இரத்தம் உறிஞ்சும் என்று மாமி பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அது இரத்தம் குடிப்பதில்லை; நஞ்சும் கிடையாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவக்கும், அவ்வளவுதான். பிள்ளைகள் கல் எறிவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தோட்டத்துப் பூச்சிகளைத் தின்பது அதுதான்.

தாய் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும், அடைகாக்காது. ஆகவே முட்டைகளை நீங்களே இடம் மாற்றலாம். ஆனால் ஒன்றைக்கூடப் புரட்டாதீர்கள்; புரண்டால் உள்ளிருக்கும் கரு இறந்துவிடலாம். எடுப்பதற்கு முன் பென்சிலால் மேற்பக்கத்தில் புள்ளி வையுங்கள். பூவரசடியில் அதே ஆழத்தில், சற்று ஈரமான மணலில் அப்படியே வைத்து மூடுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. பெரும்பாலும் 6 முதல் 8 கிழமைகளுக்குள் குஞ்சுகள் வெளிவரும்.

இன்னொன்று: வளவு முழுவதையும் மதிலாக்காமல் பின்பக்கத்திலாவது கதியால் வேலியை விடுங்கள். ஓணான் வெயில் காய்வதும் ஒளிவதும் அதில்தான். கரையோர மணல்வெளியில் ஓடும் விசிறித் தொண்டை ஓணானுக்குத் திறந்த மணல் எப்படியோ, இதற்கு வேலி அப்படி.